காலத்தடையும் சாட்சியமும்: சட்டத்தரணி பார்பரா பிளேனின் பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமயத் தாபனங்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அத்தாபனங்கள் தாமே பேணிவைத்த ஏடுகளையே மூலாதாரங்களாகக் கொள்வர். ஞானஸ்நானப் பதிவேடுகள், ஆயர்களின் சுற்றுநிருபங்கள், மடங்களின் கணக்குகள், மிஷனரிமாரின் கடிதங்கள் என்பன வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானவை. ஆயின், ஒரு தாபனம் தனக்கெதிரான சாட்சியத்தைத் தன் கையிலேயே வைத்திருந்து, அதனைப் பூட்டியும் வைத்திருக்குமாயின், அதன் வரலாறு எவ்வாறு எழுதப்படும்? இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் கத்தோலிக்கத் திருச்சபையில் வெளிப்பட்ட நெருக்கடி இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது. குருமார் சிலர் சிறுவரைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உட்படுத்தியமையும், அதனை அறிந்த மேலிடத்தார் அவர்களை ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்குக்கு மாற்றியமையும் இன்று மறுக்கவியலாத செய்திகள். இவற்றை வெளிக்கொணர்ந்தோர் வரலாற்றாசிரியர்கள் அல்லர். பாதிக்கப்பட்டோரும், பத்திரிகையாளரும், சட்டத்தரணிகளுமே அப்பணியைச் செய்தனர். பாதிக்கப்பட்டவராகவும் சட்டத்தரணியாகவும் ஒருங்கே விளங்கிய பார்பரா பிளேன் (1956–2017) என்ற பெண்மணியின் பணி இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது.

பிளேன் ஒஹாயோ மாநிலத்தின் ரொலீடோ நகரில், சமயப்பற்று மிக்க கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1969ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதளவில், அவர் தமது பங்கிற் பணியாற்றிய குருவானவர் ஒருவராற் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிவுறும் காலம்வரை அது தொடர்ந்தது. அக்காலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிற் குருவானவர் வகித்த இடத்தை மனங்கொண்டாலன்றி இதன் கொடுமை விளங்காது. அவர் வீட்டுக்கு வருவது பேறாகக் கருதப்பட்டது. அவர் அழைத்தால் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோர் அரியர். குற்றத்தைச் செய்தவரே பாவசங்கீர்த்தனம் கேட்பவராகவும் இருக்கும்போது, குற்ற உணர்வு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் பிளேன் இதனைத் தமக்குள் அடக்கியே வாழ்ந்தார்.

அவ்வாண்டுகளில் அவர் திருச்சபையை விட்டு விலகவில்லை என்பது ஊன்றி அவதானிக்கத்தக்கது. சமூகப்பணித் துறையிற் கற்றார். யமேக்காவிற் சிலகாலம் பணிபுரிந்தார். சிக்காகோவில் இறையியல் பயின்றார். டோரதி டே 1933இல் தொடக்கிவைத்த கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் வழிநின்று, சிக்காகோவின் தென்பகுதியில் வீடற்றோருக்கான இல்லமொன்றை நடத்தினார். எளியோர்க்குச் செய்யும் பணியே இறைபணி என்ற அவ்வியக்கத்தின் கொள்கை அவருடைய பிற்கால வாழ்விலும் ஊடுருவி நின்றது. திருச்சபையின் வெளியிலிருந்து கல்லெறிந்த ஒருவராக அவரைக் காட்ட முனைந்தோர் இப்பகுதியை வசதியாக மறந்துவிட்டனர்.

1985ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாயிற்று. லூசியானா மாநிலத்தின் லபாயெற் மறைமாவட்டத்தில், கில்பேட் கோத்தே என்ற குருவானவர் பல சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்தமைக்காகக் குற்றவியல் நீதிமன்றில் நிறுத்தப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். யேசன் பெரி என்ற பத்திரிகையாளர் இவ்வழக்கை ஆராய்ந்து எழுதியவற்றை ‘நாஷனல் கத்தோலிக் ரிப்போட்டர்’ என்னும் வார இதழ் அவ்வாண்டு யூன் மாதத்தில் நாடெங்கும் பரப்பியது. இவ்விதழ் கத்தோலிக்கரால், கத்தோலிக்கருக்காக நடத்தப்பட்டது. திருச்சபையின் பகைவர் ஏடன்று. அதே ஆண்டில், கோத்தேயின் சட்டத்தரணியாகிய றே மூற்றன், திருச்சபைச் சட்ட அறிஞர் தோமஸ் டொயில், உளமருத்துவரும் குருவுமாகிய மைக்கல் பீற்றர்சன் ஆகிய மூவரும் ஆயர்களுக்கென விரிவான அறிக்கையொன்றைத் தயாரித்தனர். இப்பிரச்சினை உரியவாறு கையாளப்படாவிடின் பத்தாண்டுகளில் நூறு கோடி டொலர் வரை இழப்பு நேரலாம் என அது எச்சரித்தது. ஆயர் பேரவை அதனைப் பொதுக் கொள்கையாக ஏற்றுக்கொள்ளவில்லை. அறியாமையால் நேர்ந்த பிழை என்ற பிற்கால வாதத்தை மதிப்பிடுவோர் இவ்வறிக்கையின் ஆண்டை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பெரியின் கட்டுரை பிளேனின் கைக்கு எட்டியபோது அவர் இருபத்தொன்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்தார். தாம் அனுபவித்தது தமக்கு மட்டும் நேர்ந்த ஒரு விபரீதமன்று என்பதை அவ்வெழுத்து அவருக்கு உணர்த்திற்று. அவர் ரொலீடோ மறைமாவட்ட அதிகாரிகளையும் அக்குருவானவர் சார்ந்திருந்த சபையின் தலைவர்களையும் அணுகி முறையிட்டார். ஆறுதல் மொழிகள் கிடைத்தன; நடவடிக்கை கிடைக்கவில்லை. நீதிமன்றத்தை நாடலாமோவெனின், அங்கே வேறொரு கதவு மூடியிருந்தது. அதுதான் காலத்தடை.

காலத்தடை பற்றிச் சிறிது விரித்துரைத்தல் இன்றியமையாதது. பிளேனின் பணி முழுவதையும் விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் அதுவே. ஆங்கிலச் சட்டமரபைப் பின்பற்றும் நாடுகளில், ஒருவர் தமக்கு இழைக்கப்பட்ட தீங்குக்காக வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் ஒரு கால எல்லையை வகுக்கின்றது. சாட்சிகள் இறந்துபோவர், நினைவு மங்கும், ஆவணங்கள் அழியும், பிரதிவாதி என்றென்றும் வழக்கின் நிழலில் வாழலாகாது என்பன அதற்குக் கூறப்படும் நியாயங்கள். கடன் பத்திரத்துக்கும் காணித் தகராறுக்கும் இந்நியாயங்கள் பொருந்தும். ஆயின் சிறுவயதிற் பாலியல் கொடுமைக்கு உள்ளானவரின் மௌனம் அலட்சியத்தாற் பிறந்ததன்று. அது தீங்கின் ஒரு கூறு. அச்சம், வெட்கம், நம்பப்படமாட்டோம் என்ற எண்ணம் ஆகியன அவரைப் பல்லாண்டுகள் வாய்திறக்கவொட்டாமற் செய்கின்றன. பராயமடைந்தபின் ஓரிரு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்ற விதி, அவர் பேசத் தொடங்குமுன்பே நீதிமன்றக் கதவை அடைத்துவிடுகின்றது. ஒஹாயோவில் இருந்த நிலை ஏறத்தாழ இதுவே. இதன் விளைவு விசித்திரமானது: மறைத்தவர் எவ்வளவு திறமையாக, எவ்வளவு நீண்டகாலம் மறைக்கின்றாரோ, அவ்வளவு பாதுகாப்பைச் சட்டமே அவருக்கு வழங்கிற்று.

திருச்சபையின் உள்ளகச் சட்டமும் இதற்கு விலக்கன்று. 2001ஆம் ஆண்டில் இத்தகைய குற்றங்களின் விசாரணை உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்துக்கு ஒதுக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதடைந்ததிலிருந்து பத்தாண்டு என்ற எல்லை விதிக்கப்பட்டது. 2010இல் அது இருபதாண்டாக உயர்ந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டக்கோவையின் 489ஆவது விதி வரலாற்று மாணவரின் கவனத்துக்கு இன்னும் உரியது. ஒவ்வொரு மறைமாவட்டச் செயலகத்திலும் இரகசிய ஆவணக்காப்பகம் ஒன்று இருத்தல் வேண்டும் என்றும், ஒழுக்கக் குற்ற வழக்குகளிற் குற்றவாளி இறந்துவிட்டாலோ தீர்ப்பாகிப் பத்தாண்டு கழிந்தாலோ அவ்வாவணங்கள் ஆண்டுதோறும் அழிக்கப்பட்டு, ஒரு சுருக்கமும் தீர்ப்பும் மட்டும் எஞ்சவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. மூலாதாரங்களின் அழிவு தற்செயலாக நேர்வதே வழமை என எண்ணிப் பழகியோருக்கு, அது விதியாகவே எழுதப்பட்டிருத்தல் வியப்பைத் தரும்.

1988இல் பிளேன் சிக்காகோவில் ஓர் அமைப்பை உருவாக்கினார். குருமாரால் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகித் தப்பிப் பிழைத்தோரின் வலையமைப்பு என்பது அதன் பெயர். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்நாப்’ என அது வழங்கலாயிற்று. தொடக்கத்திற் சிலர் கூடித் தத்தம் அனுபவங்களைப் பகிர்ந்து ஆறுதல் பெற்ற ஒரு சிறு வட்டமே அது. செயலகமோ பணமோ இருக்கவில்லை. பின்னர் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் குளோஹெசி இணைந்து அதன் தேசிய இயக்குநரானார். அவரும் பாதிக்கப்பட்டவரே. பெயரில் இடம்பெற்ற சொல்லும் சிந்திக்கத்தக்கது. ‘பலியானோர்’ என்ற சொல்லைத் தவிர்த்துத் ‘தப்பிப் பிழைத்தோர்’ என்ற சொல்லை அவர்கள் தேர்ந்தனர். பலியானவர் பிறரின் இரக்கத்துக்கு உரியவர். தப்பிப் பிழைத்தவரோ நடந்ததைக் கூற எஞ்சியிருக்கும் சாட்சி. சாட்சி என்ற அந்நிலையிலிருந்தே இயக்கத்தின் அரசியல் முழுவதும் வளர்ந்தது எனலாம்.

பிளேன் சிக்காகோவின் டீபோல் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று சட்டத்தரணியானார். டீபோல் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கற்றபின் அவர் குக் கவுண்டியின் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்திற் பணியாற்றினார். பெற்றோராற் புறக்கணிக்கப்பட்ட, துன்புறுத்தப்பட்ட சிறுவர்களின் சார்பில் நீதிமன்றில் தோன்றுவது அவ்வலுவலகத்தின் கடமைகளுள் ஒன்று. இப்பணியை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றனர். அது பொருத்தமாகத் தோன்றவில்லை. சிறுவனொருவனின் சொல்லை நீதிமன்றம் எவ்வாறு கேட்கின்றது, எந்தச் சொல் பதிவாகின்றது, எது பதிவாகாமற் போகின்றது என்பனவற்றை அன்றாடம் காணும் தொழில் அது. இழப்பீடு பெறுதலைக் காட்டிலும் ஆவணம் பெறுதலை வற்புறுத்தும் போக்கு ஸ்நாப்பின் பிற்காலக் கோரிக்கைகளில் மேலோங்கி நின்றமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகலாம்.

ஆரம்ப ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமும் கொண்டவை. 1993 நவம்பரிற் சிக்காகோவின் பேராயர் கர்தினால் யோசப் பேர்னாடினுக்கு எதிராக ஒருவர் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டைச் சுமத்தினார். 1994 பெப்ரவரியில், தம் நினைவை நம்பமுடியாதெனக் கூறி அவரே அதனை மீளப்பெற்றார். நேர்மையான ஒருவர்மீது உலகறியப் பழி சுமத்தப்பட்டது என்ற உணர்வு பரவியது. பத்திரிகைகளின் ஆர்வம் தணிந்தது. உண்மையாகப் பாதிக்கப்பட்டோரும் ஐயத்துடன் நோக்கப்பட்டனர். நீதிமன்றங்களிலும் தடைகள் இருந்தன. 1997இல் மிசூரி மாநில உயர் நீதிமன்றம், குருமாரை மேற்பார்வை செய்வதில் மறைமாவட்டம் கவனக்குறைவாயிருந்ததென வழக்காடுவதை அமெரிக்க அரசியலமைப்பின் சமய சுதந்திர ஏற்பாடு அனுமதிக்காது எனத் தீர்த்தது. சமயத்தை அரசின் தலையீட்டிலிருந்து காப்பதற்கு எழுந்த ஏற்பாடு, சிறுவரைச் சமய அதிகாரத்தினிடமிருந்து காப்பதற்குத் தடையாயிற்று.

நிலைமையை மாற்றியது பொஸ்ரன். அங்கும் மாற்றத்தின் ஊற்றுக்கண் ஆவணமே. யோன் கேகன் என்ற குருவானவர் தொடர்பான வழக்குகளில் மறைத்துவைக்கப்பட்டிருந்த ஆவணங்களைப் பகிரங்கப்படுத்துமாறு ‘பொஸ்ரன் குளோப்’ பத்திரிகை நீதிமன்றத்தைக் கோரியது. 2001 நவம்பரில் நீதிபதி கொன்ஸ்ரன்ஸ் சுவீனி அதற்கிணங்கினார். 2002 சனவரி 6இல் முதற் கட்டுரை வெளிவந்தது. முப்பதாண்டுகளில், பல பங்குகளில், நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டோர் கேகன்மீது குற்றஞ்சாட்டியிருந்தனர். அவரைப் பங்கு பங்காக மாற்றியோரின் கையொப்பங்கள் கடிதங்களில் இருந்தன. அவ்வாண்டு திசம்பரிற் கர்தினால் பேர்னாட் லோ பதவி விலகினார். பிளேனும் அவருடைய தோழரும் பதினான்கு ஆண்டுகளாகக் கூறிவந்தது அப்பொழுதுதான் நாட்டின் செவியில் ஏறியது. அவர்கள் கூறியபோது அது குற்றச்சாட்டு. ஆயர் மாளிகையின் சொந்தக் கடிதமே கூறியபோது அது சான்று.

2002 யூனில் ஆயர்கள் டலஸ் நகரிற் கூடிச் சிறுவர் பாதுகாப்புக்கான சாசனம் ஒன்றை நிறைவேற்றினர். ஒரு தடவை துஷ்பிரயோகம் செய்தமை நிரூபிக்கப்பட்டாலும் குருவானவர் பணியிலிருந்து நிரந்தரமாக அகற்றப்படுவார் என அது கூறிற்று. இது சிறிய மாற்றமன்று. இயக்கத்தின் அழுத்தமின்றி இது நிகழ்ந்திராது. ஆயினும் சாசனம் குருமாரையும் திருத்தொண்டரையுமே கட்டுப்படுத்தியது. மாற்றல் கட்டளைகளிற் கையொப்பமிட்ட ஆயர்களைப் பற்றி அது வாளாவிருந்தது. ஆயர்களே பணித்து யோன் யே கல்லூரி மேற்கொண்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருமார்மீது 10,667 பேர் தொடர்பான குற்றச்சாட்டுகள் எழுந்தன என அது கணித்தது. பலரும் மேற்கோள்காட்டும் இவ்வெண்கள் மறைமாவட்டங்கள் தாமே நிரப்பி அனுப்பிய வினாக்கொத்துகளிலிருந்து பெறப்பட்டவை. குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பின் ஏடுகளே அளவுகோலாயின. ஆகவே அவற்றைக் குறைந்தபட்ச எண்களாகக் கொள்வதே முறை.

இதன் பின்னர் போராட்டம் மாநிலச் சட்டசபைகளுக்கு நகர்ந்தது. கடந்தகாலக் கொடுமைகளுக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் காலத்தடையை நீக்கி, வழக்குத் தொடுக்க வழிவிடும் சட்டங்களை ஸ்நாப் ஆதரித்தது. கலிபோணியா 2003ஆம் ஆண்டு முழுவதும் அத்தகைய வாயிலைத் திறந்துவைத்தது. லொஸ் ஏஞ்சலிஸ் பேராயம் 2007இல் 508 பேருக்கு 66 கோடி டொலர் வழங்க இணங்கியது அதன் பயன். அவ்விணக்கத்தின்படி வெளியிடப்படவேண்டிய குருமாரின் கோவைகள் நீண்ட வழக்காடலின் பின் 2013இலேயே வெளிவந்தன என்பதையும் நோக்குக. பணத்தைக் கொடுத்த கை ஏட்டைக் கொடுக்க ஆறாண்டு தயங்கியது.

பிளேனின் பிறந்த மாநிலத்தின் கதை வேறுவிதமாக முடிந்தது. 2005இல் ஒஹாயோ செனற் சபை ஓராண்டு வாயிலைத் திறக்கும் மசோதாவை ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்க ஆயர்கள் அப்பகுதியை வன்மையாக எதிர்த்தனர். பழைய குற்றங்களுக்கு இன்றைய விசுவாசிகளின் காணிக்கையிலிருந்து ஈடுசெய்ய நேரும், பள்ளிகளும் தருமப் பணிகளும் முடங்கும் என்பது திருச்சபைத் தரப்பின் வாதம். அதனை வெறும் சாட்டு எனத் தள்ளிவிட இயலாது. 2004 யூலையில் ஒறிகன் மாநிலத்தின் போட்லண்ட் பேராயம் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடிய முதலாவது மறைமாவட்டமாயிற்று. பின்னர் வேறு பல அவ்வழியே சென்றன. ஆயின் வங்குரோத்து மனு கடன்களைத் தீர்ப்பதோடு, சாட்சி விசாரணையையும் நிறுத்திவைக்கும் இயல்புடையது என்பதைச் சட்டத்தரணிகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

இவ்விவாதத்தின் நடுவே, 2006 சனவரியில், எவரும் எதிர்பாராத சாட்சியொருவர் ஒஹாயோவின் பிரதிநிதிகள் சபைக் குழுமுன் தோன்றினார். டிற்றொயிற் நகரின் துணை ஆயர் தோமஸ் கம்பிள்ற்றன் அவர். வயது எழுபத்தைந்து. குருமடத்து மாணவனாயிருந்த பதின்ம வயதிலே தாமும் ஒரு குருவானவரால் தகாத முறையில் தீண்டப்பட்டதாக அவர் வெளிப்படுத்தி, வாயிலைத் திறக்கும் ஏற்பாட்டை ஆதரித்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓர் ஆயரே அதனை வெளிப்படையாகப் பேசவில்லையெனின், பன்னிரண்டு வயதுச் சிறுமி இருபது வயதுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்ற விதியின் பொருத்தமின்மைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அவர் தமது பங்குப் பணியிலிருந்து அகற்றப்பட்டார். அச்சாட்சியமே அதற்குக் காரணம் எனப் பின்னாளில் அவர் கூறினார். 2024இல் அவர் காலமானார்.

அவருடைய சாட்சியத்தின் பின்பும் வாயில் திறக்கவில்லை. 2006 மார்ச்சிற் பிரதிநிதிகள் சபை அவ்வேற்பாட்டை நீக்கிவிட்டது. எதிர்காலத்துக்கென, பராயமடைந்தபின் பன்னிரண்டு ஆண்டுகள், அதாவது முப்பது வயதுவரை, வழக்குத் தொடுக்கலாம் என்ற எல்லை மட்டும் சட்டமாயிற்று. 1985இற் பெரியின் கட்டுரையை வாசித்த பிளேனின் வயதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். அன்றே இச்சட்டம் இருந்திருப்பின், அவருக்கு ஏறத்தாழ ஓராண்டு அவகாசம் எஞ்சியிருக்கும். தமக்கு உதவாத சட்டமொன்றுக்காகவே அவர் உழைத்தார் என்பது இதனாற் புலனாகும்.

பிளேனின் முயற்சிகளுள் துணிகரமானது 2011 செப்ரெம்பர் 13இல் நிகழ்ந்தது. ஸ்நாப்பும், நியூயோர்க்கில் இயங்கும் அரசியலமைப்பு உரிமைகளுக்கான நிலையமும் இணைந்து, ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றின் வழக்குத்தொடுநரிடம் முறைப்பாடொன்றைக் கையளித்தன. பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற், கர்தினால்மாரான சொடானோ, பேர்த்தோனே, லெவாடா ஆகியோரைப் பல நாடுகளில் நடந்த கொடுமைகளுக்குப் பொறுப்பானவர்களாக விசாரிக்கவேண்டும் என்பது கோரிக்கை. இருபதாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்கள் உடன் சென்றன. உரோமச் சாசனத்தின் ஏழாவது உறுப்புரை, பொதுமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ, ஓர் அரசின் அல்லது அமைப்பின் கொள்கைவழி மேற்கொள்ளப்படும் தாக்குதலை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக வரையறுக்கின்றது. ‘அமைப்பின் கொள்கை’ என்ற சொற்றொடரையே முறைப்பாட்டாளர் பற்றிக்கொண்டனர். தனியொரு குருவின் பாவம் என்ற விளக்கத்தை விடுத்து, மறைத்தலையும் மாற்றலையும் ஒரு நிருவாக முறையாகக் காட்ட அவர்கள் முயன்றனர்.

சட்ட நோக்கில் இம்முறைப்பாடு பலவீனமானது என்றே கொள்ளல் வேண்டும். 2002 யூலை முதலாந் திகதிக்கு முந்திய செயல்கள்மீது அந்நீதிமன்றுக்கு நியாயாதிக்கம் இல்லை. திருப்பீடம் உரோமச் சாசனத்திற் சேரவுமில்லை. அலட்சியத்தையும் மூடிமறைத்தலையும் ‘தாக்குதல்’ என நிறுவுவதும் எளிதன்று. 2013இல் வழக்குத்தொடுநர் அலுவலகம் விடயம் தன் நியாயாதிக்கத்துள் அமையவில்லையென விடையளித்தது. இங்கும் காலமே குறுக்கே நின்றது. விளம்பர நோக்கில் எடுத்த முயற்சி எனச் சிலர் ஏளனஞ் செய்தனர். எனினும் திரட்டிய ஆவணங்கள் வீண்போகவில்லை. திருப்பீடம் 1990இற் சிறுவர் உரிமைச் சமவாயத்தையும் 2002இற் சித்திரவதைக்கெதிரான சமவாயத்தையும் ஏற்றிருந்தது. ஆகவே ஐக்கிய நாடுகளின் உரிய குழுக்கள் 2014இல் ஜெனீவாவில் அதனைக் கேள்விகேட்டபோது, ஸ்நாப்பின் அறிக்கைகள் குழுவினர் கையிலிருந்தன. வத்திக்கான் நகரின் எல்லைக்குள் மட்டுமே தனது சமவாயக் கடப்பாடு உண்டு என்ற வாதத்தைத் திருப்பீடம் முன்வைத்தது. ஆயினும் அவ்வாண்டு மே மாதத்தில், 2004இலிருந்து 848 பேர் குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டனர், 2,572 பேர் வேறு தண்டனை பெற்றனர் என்ற தொகையைப் பேராயர் தொமாசி குழுமுன் கூறினார். ஹேக் நகரில் மூடிய கதவு, ஜெனீவாவில் ஓர் எண்ணை வெளிக்கொணர்ந்தது.

இயக்கத்தின் குறைபாடுகளையும் கூறாதுவிடின் இவ்வாய்வு புகழுரையாகிவிடும். பாதிக்கப்பட்டோரின் வழக்குகளை நடத்தி ஊதியம் பெற்ற சட்டத்தரணிகளின் நன்கொடை ஸ்நாப்பின் வருவாயில் முக்கிய இடம்பெற்றது. நன்கொடை பெறுவது சட்டவிரோதமன்று. ஆயினும் நொந்து வருவோரை வழக்குக்கு வழிப்படுத்தும் இடமும் நன்கொடை பெறும் இடமும் ஒன்றாயிருப்பின் ஐயம் எழுவது இயல்பே. 2012இல் மிசூரி வழக்கொன்றில் குருமார் தரப்புச் சட்டத்தரணிகள் குளோஹெசியை விசாரித்து, ஸ்நாப்பின் பல்லாண்டுக் கடிதப் போக்குவரத்தை ஒப்படைக்குமாறு கோரினர். ஆவணங்களைத் திறக்கக் கேட்டு வந்த இயக்கம், தன்னை நம்பி எழுதியோரின் இரகசியத்தைக் காத்துத் தன் ஆவணங்களைப் பூட்ட வேண்டியதாயிற்று. இரண்டும் ஒன்றல்லவெனினும், எதிர்த்தரப்பார் இம்முரணைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. 2017 சனவரியில் முன்னாள் ஊழியர் ஒருவர், சட்டத்தரணிகளிடம் கைம்மாறாகப் பணம் பெறப்பட்டது எனக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தார். ஸ்நாப் அதனை மறுத்தது; பின்னர் வழக்கு இணக்கமாக முடிந்தது. அடுத்த மாதம் பிளேன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். வழக்கு அதற்குக் காரணமன்று என்றார். அவ்வாண்டு செப்ரெம்பர் 24இல், யூற்றா மாநிலத்தில், இதய நாளக் கிழிவினால் அறுபத்தோராவது வயதிற் காலமானார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 2018 ஓகஸ்றிற் பென்சில்வேனியாவின் பெரு யூரர் சபை முந்நூறுக்கு மேற்பட்ட குருமாரைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2019 ஓகஸ்றில் நியூயோர்க் தன் வாயிலைத் திறந்தது. அவ்வாண்டு திசம்பரிற் பாப்பரசர் பிரான்சிஸ் இத்தகைய வழக்குகளிலிருந்து பாப்பரசர் இரகசிய விதியை நீக்கினார். 2023இல் மேரிலாண்ட் மாநிலம் சிவில் வழக்குகளுக்கான காலத்தடையை முற்றாகவே அகற்றியது.

பிளேன் வீடற்றோருக்குச் சோறிட்ட, சட்டம் கற்ற, வலையமைப்பைத் தொடங்கிய சிக்காகோ அமைந்திருப்பது இலினோய் மாநிலத்தில். அம்மாநிலச் சட்டமா அதிபர் 2018இல் தொடங்கப்பட்ட விசாரணையின் அறிக்கையை 2023 மே மாதத்தில் வெளியிட்டார். விசாரணை தொடங்குமுன் அங்குள்ள மறைமாவட்டங்கள் தாமாக வெளியிட்டிருந்த பெயர்கள் 103. அறிக்கை கண்டறிந்த குருமாரும் துறவுச் சகோதரரும் 451 பேர். அவர்களாற் பாதிக்கப்பட்ட சிறுவர் குறைந்தது 1,997 பேர். அவர்களுட் பலருக்குக் காலத்தடை காரணமாக நீதிமன்றம் செல்லும் வழி இல்லையென்றும், அதனாலேயே அவர்களுடைய சாட்சியங்கள் பொது ஏட்டிற் பதியப்படுகின்றனவென்றும் அவ்வறிக்கை காரணங் கூறுகின்றது.